சுரண்டிய பஞ்சு

அந்த மீன் காட்சியகத்தில் எல்லாரும் அவளைக் கண்ணாடி அக்கா என்றார்கள். பதினொரு வருடங்களாகத் தொட்டிகளின் கண்ணாடியைத் தேய்ப்பது அவள் வேலை. கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஏதாவது ஒரு குழந்தை நெற்றியை முட்டிக்கொண்டு அழுதால், அன்று வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, கையோடு கண்ணாடியில் பட்ட எச்சிலையும் துடைப்பாள்.

அவள் தினக்கூலி. அந்த வருடம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவளுக்கு நாற்பத்து நான்கு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உயிரினங்களுக்குப் பொறுப்பான மேடம், திரும்பி வந்ததும் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு மூன்று வாரப் பயிற்சிக்குப் போனார்.

"நிரந்தரமாகிட்டா அண்ணி நம்மகூடப் பேசுவாங்களோ என்னவோ" என்றாள் நாத்தனார்.

"பேசலைன்னா உனக்குத்தான் நிம்மதி" என்றார் கணவர், தையல் மிஷினிலிருந்து நிமிராமல்.

வட்டத் தொட்டியில் இருந்த ஜெல்லிமீன்களை அவளுக்குப் பிடிக்கும். கண்ணாடியைக் கெடுக்காத பிராணி. தலை இல்லை, எலும்பு இல்லை, இதயம் இல்லை. குடை மாதிரி ஓர் உடம்பு, அடியில் ஒரு வாய். உள்ளே போவதும் அந்த வழி, வெளியே வருவதும் அந்த வழி. மீன்களுக்குத் தீனி போடுகிறவர் இதைச் சொல்லும்போதெல்லாம், "நம்ம மேலதிகாரி மாதிரி" என்று சேர்த்துக்கொள்வார்.

குடைகள் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. இருந்தவை ஓரம் சுருங்கித் தொட்டியின் அடியில் படுக்கத் தொடங்கியிருந்தன. விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் புதியவை வேண்டும். குட்டிகள் பின்னறையில் இருப்பதாக மேடம் ஒரு தடவை சொல்லியிருந்தார். அவள் போய்ப் பார்த்தாள். சின்னக் குடை ஒன்றையும் காணோம். ஆழமில்லாத தொட்டி ஒன்றில் பன்னிரண்டு பிளாஸ்டிக் தகடுகள் நின்றன. தகடுகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை பூத்திருந்தது.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. அவள் பார்த்தவரை மீன்குஞ்சு மீனாகத்தான் இருந்தது, கடல்குதிரைக் குஞ்சு கடல்குதிரையாகத்தான் இருந்தது. இது பூஞ்சை. மேடம் வரும்போது பின்னறையும் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தாள். தகடுகளைத் தொட்டிக்குள்ளேயே வைத்துச் சுரண்டினாள். தொட்டித் தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டாள். தகடுகளை வெந்நீரில் அலசிக் காயவைத்தாள். மேடம் போய் ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தொட்டியில் இருந்தவை தீனி இல்லாமலே மூன்று வாரம் தாங்கும் என்பதால் மேடம் அவற்றை யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

மேடம் திரும்பி வந்த அன்று காலை, தீனிக்காரர் அவளைத் தேடி வந்தார்.

"பின்னறைத் தகட்டுல இருந்ததெல்லாம் எங்கேன்னு கேக்குறாங்க. நீ சுரண்டினியா?"

"பூஞ்சை. சுரண்டிட்டேன்."

"அதுதான் குட்டிங்களாம்."

"குட்டிக்குக் குடை இல்லையே."

"குடையெல்லாம் பின்னாடிதான் வருமாம். நீ வாயைத் திறக்காத. தண்ணி சூடாகிச் செத்துப்போச்சு, நான்தான் கழுவி வச்சேன்னு சொல்லிடுறேன். நான் நிரந்தரம், என்னை என்ன பண்ணிடுவாங்க? உன் கடிதம் இன்னும் அவங்க மேசையிலதான் கிடக்கு."

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். நேரே மேடத்தின் அறைக்குப் போய், தான்தான் சுரண்டியதாகச் சொன்னாள். ஏன் சொன்னாய் என்று பிறகு கணவர் கேட்டார். தீனிக்காரர் தனக்காகப் பொய் சொன்னால், சாகும்வரை அவர் ஜோக்குக்கெல்லாம் சிரிக்க வேண்டியிருக்கும் என்றாள்.

மேடம் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து வரைந்தார். முட்டையிலிருந்து வருவது நீந்திப்போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் செடி மாதிரி ஒரு தண்டு, உச்சியில் வாய், சுற்றிலும் இழைகள். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் தண்டில் குறுக்கே வரிகள் விழும். அடுக்கி வைத்த தட்டுகள் போலாகி, மேலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழன்று நீந்தும். அந்தத் தட்டுதான் குடையாக வளரும்.

"முதல்ல கம்பு, அப்புறம் குடையா?" என்றாள்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார் மேடம். பேனாவை மூடிக்கொண்டே, "சுரண்டின தண்ணி எங்கே போச்சு? கிழிஞ்ச துண்டுகூட எங்கேயாவது ஒட்டினா முழுசா வளர்ந்திடும்" என்றார்.

தண்ணீர் குழிக்குப் போயிருந்தது. எல்லாத் தொட்டிகளின் உப்புத் தண்ணீரும் வடிகட்டிக்குப் போகும் முன் சேருகிற இடம் அது. பார்வையாளர் கண்ணில் படாத இடம் என்பதால் பதினொரு வருடத்தில் ஒருநாளும் அவள் அதைத் தேய்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினாள். குழாயின் அடிப்பக்கத்தில், பாசிக்கு நடுவே, வெள்ளைப் புள்ளிகள். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். புள்ளிகளில் இழைகள் அசைந்தன. எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்று இருந்தன. அவற்றைப் பதமாகப் பெயர்த்துப் பின்னறைத் தொட்டிக்கு மாற்றினார்கள்.

அவை வளர்ந்து பிரியும்வரை விடுமுறை காத்திருக்கவில்லை. வட்டத் தொட்டிக்குத் துணி போர்த்தினார்கள். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. பணியாளர் சுரண்டிவிட்டார், அவருக்கு நான் அறிவுறுத்தியிருக்கவில்லை என்று இரண்டையும் எழுதி மேடம் அனுப்பினார். அதே வாரம் சிபாரிசுக் கடிதமும் போனது. தேர்வுக் குழு விளக்கத்தையும் கடிதத்தையும் சேர்த்துப் படித்தது. இடம் டிக்கெட் கவுண்டரில் இருந்த ஒருத்திக்குப் போனது. சில வாரங்களில் கண்ணாடி அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிந்தது.

அவள் மேடத்திடம் பேசுவதை நிறுத்தினாள்.

"உண்மையை எழுதினதுக்கா கோபம்?" என்றார் தீனிக்காரர்.

"உண்மையை நான் சொன்னேன். எழுதச் சொன்னேனா?"

ஆனாலும் நாற்பத்தொன்றுக்கும் தினமும் அவள்தான் தண்ணீர் மாற்றினாள். மேடம் வெப்பநிலையைக் குறித்துச் சீட்டு வைத்துவிட்டுப் போவார். அவள் சீட்டைப் படித்து அதன்படி செய்வாள். ஏழாவது வாரம் ஒரு காலையில் தண்டுகளில் ஒன்று அடுக்குத் தட்டாக நின்றது. உச்சித் தட்டு துடித்தது, விடுபட்டது, எட்டுக் கைகளை மடக்கி விரித்துக்கொண்டு போனது. உளுந்தைவிடச் சிறியது.

அவள் மேடத்தின் கதவைத் தட்டினாள்.

"வாங்க" என்றாள். "கழலுது."

அவளுக்கு இப்போது ஐம்பது. வட்டத் தொட்டியில் நீந்துபவை எல்லாம் அந்த நாற்பத்தொன்றின் வழி வந்தவை. வருகைப் பதிவேட்டில், தினக்கூலிகளுக்கான பக்கத்தில், தினமும் காலை எட்டு மணிக்கு அவள் கையெழுத்துப் போடுகிறாள்.