மங்கம்மாவின் வெள்ளைப் பொடி

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, வேலி நெடுகக் கேஸ் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, எரிந்து ஒளி தரும் வலைத்துணியான மேண்டிலைக் கட்டும் வேலை மங்கம்மாவுக்கு வாய்த்தது. பால்மரம் வெட்டிக் கை காய்த்தவளுக்கு அது பெரிய உத்தியோகம். அதன்பிறகு 'லைட்டுக்காரம்மா' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எரிந்து உதிர்ந்த மேண்டில்களை அவள் வீசுவதில்லை. மாவு போன்ற அந்த வெள்ளைச் சாம்பலைத் தோட்ட ஆபீசுக்குப் பின்னால் உட்கார்ந்து சலித்து, ஒரு பால் டப்பாவில் சேர்த்துவைத்துப் பித்தளை துலக்குவாள். அவள் குடம் மாதிரி லயத்தில் வேறு குடம் மின்னாது.

காற்றைச் சோதிக்கக் கோலாலம்பூரிலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்த ஆபீஸ் ஜன்னலில்தான் காற்றை உறிஞ்சும் இயந்திரத்தை வைத்தார். அதில் படிந்த தூசிக்கு அருகே கதிர்வீச்சை அளக்கும் ஒரு பெட்டியைக் கொண்டுபோனால் பெட்டி டிக் டிக்கென்றது. காற்றில் கதிர்வீச்சு இருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் எங்கிருந்து வருகிறதென்று புரியவில்லை என்றார். எங்கோ வெடித்த அணுகுண்டின் தூசியா, மலையில் ஏதாவது கனிமமா என்று குழம்பி, பட்டாளத்தோடு மலையேறினார். உடம்பெல்லாம் அட்டையோடு இறங்கி வந்தார்.

அடுத்து லயத்தைச் சோதிக்கப் போவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன் வந்து அறிவித்தார். யாரோ எதையோ ஒளித்துவைத்திருப்பதாக அவராகவே ஒரு வரி சேர்த்தும் சொன்னார். மங்கம்மாவுக்குத் தன் பால் டப்பா ஞாபகம் வந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே விடாத காலம் அது. தன் டப்பாவைப் பார்த்தால் பதுக்கிய மாவென்றுதானே நினைப்பார்கள்?

டப்பாவைக் கோழிக்கூண்டுக்குள் தள்ளினாள். மறுநாள் பெட்டி கூண்டருகே டிக் டிக்கென்றது. அதிகாரி கோழிகளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து சோதனைக்கு அனுப்பிவைத்தார். அவர் குனிந்து கூண்டுக்குள் பார்ப்பதற்குள் டப்பா பக்கத்துவீட்டு முத்தாயியின் விறகடுக்குக்குப் போய்விட்டது. பெட்டி அங்கேயும் பின்தொடர்ந்தது. முத்தாயி அழுதுகொண்டே சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். அதிகாரி வரைபடத்தில் போட்ட புள்ளிகளை அழித்து அழித்துக் காகிதமே கிழிந்தது.

முத்தாயி அழுததை மங்கம்மாவால் தாங்க முடியவில்லை. பொடியை எடுத்து முடிந்து தன் மடியிலேயே செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை அதிகாரியும் அவருடைய உதவியாளர் அமிர்தலிங்கமும் பெட்டியோடு குழாயடியைக் கடந்தபோது, அது அவள் வயிற்றுக்கு நேரே நின்று படபடத்தது. அவள் புருசன் நல்லசாமி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஏம்மா, மடியில என்ன?" என்றார் அமிர்தலிங்கம்.

முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். "சாம்பலுங்கய்யா. விளக்குச் சாம்பல். மாவு இல்ல. காட்டுக்காரனுக்கு நான் எதுவும் குடுக்கல. நம்பிக்கை இல்லன்னா தொரைய நக்கிப் பாக்கச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் அமிர்தலிங்கம் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேண்டில் பளிச்சென்று எரிவதற்குத் தோரியம் என்றொரு பொருளைச் சேர்ப்பார்களாம்; எரிந்தபின் அது சாம்பலிலேயே தங்கிவிடுமாம். அவள் சலித்த தூசியைத்தான் ஜன்னல் இயந்திரம் இத்தனை நாளாக உறிஞ்சியிருக்கிறது. சாம்பலை ஆழமாகப் புதைக்கச் சொன்னார். அவளைச் செரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மங்கம்மா கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி, வழியிலிருந்த தோட்டங்களுக்கெல்லாம் கையசைத்துப் போனாள். டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்து, ஒரு சொத்தைப் பல்லைத் தவிர வேறு குறையில்லை என்று அதைப் பிடுங்கி அனுப்பினார்.

விறகடுக்கில் ஒளித்ததை மறக்காத முத்தாயி மட்டும் அவளோடு பேசவில்லை. அந்தத் தைமாதம் அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மங்கம்மா அழைக்காமலே போய்ப் பந்தல் முழுக்க விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினாள்.

"எங்க போற? இலை போட்டாச்சு, உக்காருலா" என்றாள் முத்தாயி.