பாலத்தடியில் கையால் சுற்றிய பயற்றங்கன்று

முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுத்தராகக் கடிதம் எழுதியவன் நான். ஒரு பொருளைக் கொண்டுபோக அனுமதி கேட்பதென்றால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் அந்தக் கொள்கை என் தங்கையின் ஆறு நாள் உழைப்பை மண்ணாக்கப் பார்த்தது.

தங்கை நானாட்டானில் விஞ்ஞான ஆசிரியை. அகதி முகாமிலிருந்து திரும்பி, இடையில் விட்ட முதுமாணிப் படிப்பை மறுபடி தொடங்கியிருந்தாள். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியாத செடியின் இலை சீக்கிரம் மூப்படையுமா என்பது அவளுடைய கேள்வி. விண்வெளிக்குப் போக வசதியில்லாததால், பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றின் இயந்திரத்தைப் பெட்டிக்குள் பொருத்தி, அதன் அச்சில் பயற்றங்கன்று ஒன்றைப் படுக்கையாகக் கட்டி, நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுழலவிட்டாள். மேல் கீழாகிக்கொண்டே இருந்தால் செடிக்குத் திசை பிடிபடாது. பக்கத்தில் சுழலாத கன்று ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. ஏழாம் நாள் இரண்டின் பச்சையத்தையும் மன்னார் நகரத்து ஆய்வுகூடமொன்றில் அளக்க வேண்டும். அதுவரை சுழற்சி நிற்கக் கூடாது. நின்றால் முதலிலிருந்து. பட்டத்துக்கான தவணையோ அந்த மாதத்தோடு முடிகிறது.

ஏழாம் நாள் காலை, மன்னார் நகரத்துக்குப் போகும் பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் என் கடிதத்தை நீட்டினேன். மும்மொழியில், முத்திரையுடன்: 'கடிகார இயந்திரம் ஒன்று, மின்கலம் ஒன்று, கம்பிகள், மூடிய பெட்டி.' செடி கடைசி வரியில்தான் வந்தது.

சிப்பாய் வாசித்தார். பெட்டியில் காதை வைத்தார். இரண்டடி பின்னால் போனார். வரிசையில் நின்றவர்கள் நாலடி போனார்கள்.

"பெற்றரிய கழட்டுங்க."

"ஏலாது தம்பி," என்றாள் தங்கை. "நிண்டால் இலைக்கு நிலம் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா என்ன?"

வரிசையில் நின்ற, ஊரைவிட்டு விரட்டப்பட்டுத் திரும்பிய தாராபுரத்து மீன் வியாபாரி, "எங்கட நிலம் எந்தப் பக்கமெண்டு எங்களுக்கே இருபது வருஷமாத் தெரியல்ல. பயறுக்குத் தெரிஞ்சிட்டுப் போகட்டும், கழட்டுங்க டீச்சர்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிப்பாயின் துவக்குக் குழல் பெட்டிப் பக்கம் திரும்பியது.

தங்கை மூடியைத் திறந்து மின்கலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதே மூச்சில் அச்சை விரல்நுனியால் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள், என் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "அண்ணை, கையை ஆட்டாதேங்கோ."

அதிகாரி வர நாற்பது நிமிடம் ஆனது. பாதியில் அவளிடமிருந்து அச்சை நான் வாங்கிச் சுற்றினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. நான் அறிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்கு நடைமுறை கிடையாது.

அதிகாரி இரண்டு கன்றையும் பார்த்தார். சுழன்றதன் அடியிலை மஞ்சளித்திருந்தது. மற்றது பச்சை. மின்கலத்தைத் திருப்பித் தந்து, "போங்க," என்றார்.

ஆய்வுகூட வாசலில் தங்கை குறிப்புப் புத்தகத்தை விரித்தாள். "நாப்பது நிமிஷம் கையால சுத்தினது எண்டு எழுதப் போறன்."

"எழுதாதை. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினால் பட்டம் போயிடும்."

"இதை நீங்களோ சொல்லுறியள்?"

எழுதினாள். அந்த ஒரு வரிக்காகப் பேராசிரியர் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். அதே வரிக்காகத் தவணையையும் நீட்டிக் கொடுத்தார். இரண்டாம் முறையும் சுழன்ற கன்றுதான் முதலில் மஞ்சளித்தது. பயிர் மஞ்சளித்ததற்காக நானாட்டானில் சந்தோஷப்பட்ட வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.