ஒடிசா மாப்பிள்ளை

எழுத்தராக இருந்து தொழிலாளர் ஆய்வாளராகப் பதவி உயர்ந்த முதல் வாரம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் பட்டறைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே வார விடுமுறையே கிடையாது என்று பெயர் போடாத கடிதம் ஒன்று வந்திருந்தது.

முதலாளி வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க மேடம், மொதல்ல ஒரு காப்பி குடிங்க."

வருகைப் பதிவேட்டைக் கேட்டேன்.

"ரிஜிஸ்டர் எதுக்குங்க? எட்டுப் பேரும் நம்ம குடும்பமுங்க. ஊட்டு ஆளுகளுக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லைன்னு ஆடிட்டர் சொன்னாருங்க."

ஆடிட்டர் சொன்னது சரிதான். முதலாளியின் குடும்பத்தார் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள். எனவே ஒவ்வொருவரையும் காட்டி உறவைக் கேட்டு எழுதினேன். பங்காளி, மச்சான், சித்தப்பா மகன் என்று முதலாளி தடங்கலில்லாமல் சொல்லி வந்தார். லேத் பக்கத்தில் முப்பது வயதுக்காரர் ஒருவர் போனில் ஒடியாவில் பேசிக்கொண்டிருந்தார்.

"இவருங்க?"

முதலாளி அரை நொடிதான் யோசித்தார். "மாப்பிள்ளைங்க. சம்பந்தம் கொஞ்சம் தூரத்துல பண்ணிப்போட்டோம்."

மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்களே!" அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ்.

மூலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "ஏனுங்க, நமக்கு ரெண்டும் பசங்கதானுங்களே?"

அவர் முதலாளியின் மனைவி. பட்டறையே சிரித்தது. மற்ற உறவுகளும் இதே கதைதான் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். எட்டுப் பேருக்கும் பதிவேடு, ஞாயிறு விடுமுறை என்று நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா பின்னாலேயே வந்தார். "எனக்கும் லீவு உண்டுங்களா?"

"நீங்க நெசமாவே குடும்பமாச்சுங்களே. உங்களுக்குச் சட்டத்துல எடமில்லீங்க." சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பத்தொம்பது வருசமா காயில் சுத்தறனுங்க. சட்டம் சொல்லாட்டிப் போகுது, நான் சொல்லிக்கறேன்" என்று கணவர் பக்கம் திரும்பினார். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மறு ஆய்வுக்குப் போனபோது பதிவேட்டில் ஒன்பது பெயர்கள். கடைசிப் பெயர் அந்த அம்மாவுடையது. வேலை: காயில் வைண்டிங். விடுமுறை: ஞாயிறு. முதலாளியே கைப்பட எழுதியிருந்தார். அவர் விரலில் பெரிய கட்டு.

"மெஷின்ல பட்டுருச்சுங்களா?"

"இல்லீங்க மேடம், ஞாயித்துக்கெழமை வெங்காயம் அரிஞ்சேன்."

புதிதாக ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்று முதலாளி சொன்னால், நம்பாமல் வாதாட வேண்டாம். அந்தக் குடும்பத்தில் லீவே எடுக்காதவர் யார் என்று கேளுங்கள்.