திருப்பிப் பிடித்துப் பார்க்காத பைனாகுலர்

என் மனைவியின் தம்பி பெர்த்தில் இருக்கிறான். அங்கே தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. லைசென்ஸ் துப்பாக்கியோடு வருஷத்தில் சில தடவை போய்ச் சுட்டுவிட்டு வருவான். ஒரு தடவை அந்தி நேரத்தில் பண்ணைக்காரரின் நாயையே சுட இருந்தானாம். கழுத்துப் பட்டை மின்னியதால் விரலை எடுத்துவிட்டானாம். போனில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுல பாத்துக்கிட்டிருந்த?" என்று கேட்டேன்.

"துப்பாக்கி மேல இருக்கற ஸ்கோப்லதான்."

"ஸ்கோப்ப வெச்சு தேடாத மச்சான். நீ பாக்குற பக்கமெல்லாம் துப்பாக்கியும் பாக்குதுல்ல? தேடுறதுக்கு பைனாகுலர் வேணும். இன்னதுன்னு தெரிஞ்ச பிறகுதான் துப்பாக்கியத் தூக்கணும்."

"அத்தான், ஆர்மிக்கு அப்புறம் நீங்க துப்பாக்கியத் தொட்டிருக்கீங்களா?"

தொட்டதில்லை. கட்டாயச் சேவைக்குப் போன ஆர்மியிலும் பக்கத்தில் படுத்திருந்தவனுடைய குறிக் காகிதத்தில் சுட்டு சார்ஜென்டிடம் ஏச்சு வாங்கியவன் நான். இதுவும் அவனுக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்க மாடி ஏறி வருகிறவன், லிஃப்ட் லேசாக ஆடினால் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. செகண்டரி டூவோடு படிப்பை விட்டு செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்தேன். பயந்து பயந்து வேலை செய்ததால்தான் பத்து விரலும் இன்னும் இருக்கின்றன. இதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை.

அவன்தான் முதல்முறையாகச் சொன்னான். அடுத்த வாரம் கூப்பிட்டு, "அத்தான், ஜனவரியில நீங்களும் வாங்க. நீங்க சுட வேணாம். பக்கத்துல உக்காந்து பைனாகுலர்ல பாருங்க. பன்னியா நாயான்னு நீங்க சொன்னாத்தான் நான் சுடுவேன். உங்கள மாதிரி பயந்த ஆளுதான் வேணும் லா" என்றான்.

என் பயம் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவன். போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாழ்க்கையில் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. பட்டறையில் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். "என்னண்ணே, புலி வேட்டையா?" என்று பயல்கள் கேலி செய்தார்கள். ஆமாம் என்றேன்.

புது ஸ்கோப்பை அவனே அங்கே வாங்கினான். இங்கே அதைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்குமோ என்ற பயத்தில் நான் எந்தக் கடையிலும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில்தான் சோதித்தோம். துப்பாக்கியை மேசைமேல் மணல் மூட்டையில் அசையாமல் வைக்கச் சொன்னேன்.

"முதல்ல போல்ட்ட கழட்டு. அது இல்லன்னா வெடிக்காது."

"கழட்டியாச்சு."

"காட்டு."

"அத்தான்!"

"காட்டு மச்சான்."

போல்ட்டைக் கேமரா முன்னால் ஆட்டிக் காட்டினான். தூரத்தில் ஒட்டிய காகிதத்தின் நடுவில் குறுக்குக் கோட்டை நிறுத்தச் சொல்லி, ஸ்கோப்பின் திருகுகளை மேலே, வலதுபக்கம், கீழே, இடதுபக்கம் என்று ஒரே அளவு திருப்பச் சொன்னேன். கோடு ஒரு சதுரம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். வரவில்லை. கடையில் கொடுத்து மாற்று என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். இரண்டாவது ஸ்கோப் சரியாக வந்து நின்றது. "அத்தான், யூ ஆர் டூ மச்" என்றான். குரலில் மரியாதை இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

பைனாகுலர் என் பொறுப்பு. பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவது வேண்டும் என்றான். எட்டு போதும் என்றேன். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் சேர்ந்து கூடும். முன்கண்ணாடி அகலமாக இருந்தால்தான் அந்தி வெளிச்சம் உள்ளே வரும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்க முடிய வேண்டும். இவ்வளவையும் யூடியூபில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, விளங்காத இங்கிலீஷை மகளிடம் கேட்டுப் படித்து வைத்திருந்தேன்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு சந்து மாடியில் கேமரா, பைனாகுலர் விற்றுப் பழுதும் பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பிடிக்காவிட்டால் திருப்பலாம் என்று அவர் கொடுத்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் காட்டோரப் பாதைக்குப் போவேன். அங்கே நடைபாதை முடியும் இடத்தில் நான்கு மொழியில் ஓர் அறிவிப்புப் பலகை. 'காட்டு விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள். மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படும்.' அதுதான் என் சோதனை அட்டை. தள்ளி இருக்கும் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பொழுது இறங்க இறங்க அதைப் படித்துக்கொண்டே இருப்பேன். முதலில் சீனம் கலங்கும். அடுத்து தமிழின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷும் மலாயும் கடைசி. தமிழ் எந்த நேரம்வரை தாங்குகிறதோ, அதுதான் அந்தப் பைனாகுலரின் தரம்.

முதல் பைனாகுலரில் வலதுபக்கம் மங்கலாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் துடைத்தார், விளக்கில் பிடித்துப் பார்த்தார், வேறொன்று கொடுத்தார். அதிலும் வலதுபக்கம் மங்கல். விலை கூடிய மூன்றாவதைக் கொடுத்தார். அதுவும் அப்படியே.

"அண்ணே, லென்ஸ்ல ஒண்ணும் இல்லண்ணே" என்றார்.

"நான் பாத்துட்டுத்தானே சொல்றேன்."

"தலைகீழாத் திருப்பிப் புடிச்சுப் பாத்தீங்களா? வலது குழாய் இடது கண்ணுக்கு வரும். பைனாகுலர்ல கோளாறுன்னா மங்கலும் கூடவே இடது பக்கம் வந்துரும்."

"வரலன்னா?"

அவர் துடைக்கிற துணியை மடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேஸை மூன்று தடவை பார்க்கிறவனுக்கு, போல்ட்டைக் காட்டு என்று கேட்கிறவனுக்கு, ஒரு பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கடையிலேயே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "இதையே குடுங்க, பழகிரும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பலகையில் தமிழ் இருட்டும்வரை தாங்கியது. நல்ல பைனாகுலர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு மச்சான் பெர்த்திலிருந்து வந்தான். இரண்டு வாரமாக ஒரே மழை, நான் காட்டோரம் போகவில்லை. மழை விட்ட ஒரு நாள், "வாங்க அத்தான், உங்க டெஸ்ட்ட காட்டுங்க" என்றான். பெஞ்சில் உட்கார்ந்தோம். பொழுது இறங்கிவிட்டிருந்தது. அவன் முதலில் பார்த்துவிட்டு, "நைஸ்" என்று என் கையில் கொடுத்தான்.

"அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு, தமிழ்ல?"

நான் கண்ணில் வைத்தேன். பலகை வெள்ளையாக நின்றது. அதன்மேல் எழுத்துகள் கறுப்பாக நின்றன. படித்தேன். "காட்டு விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள். மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படும்."

அவன் பைனாகுலரை வாங்கி மறுபடி பார்த்தான்.

"இன்னொரு வாட்டி படிங்க."

நான் வாங்கி மறுபடி படித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. பரீட்சையில் தேறுகிறவனைப் போல.

"அத்தான், அங்க அப்படி எழுதல."

எழுந்து நடந்தான். பின்னாலேயே போனேன். பலகைக்குப் பக்கத்தில் போய் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தான். புதுப் பலகை. மழை நாட்களில் எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். 'காட்டுப்பன்றியைக் கண்டால் அமைதியாக விலகிச் செல்லுங்கள்.' பாதிப் பலகைக்குப் படம். குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி. அவ்வளவு பெரிய பன்றியை நான் பார்க்கவே இல்லை. எத்தனை நாளாகப் பலகையைப் பார்க்காமல் மனப்பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று யாரைக் கேட்பது?

"பன்னி படமே போட்டிருக்கான், அத்தான்" என்றான். சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக எதிர் புளோக்கின் நம்பரைப் பார்த்தேன். பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். மங்கல் நகரவில்லை. வலது கண்ணிலேயே இருந்தது. இடது கண்ணும் நன்றாக இல்லை, வலதைவிடத் தேவலை, அவ்வளவுதான். வெளியே அவன் தன் அக்காவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாயா பன்னியான்னு சொல்ல வேண்டிய ஆளு, அக்கா! போர்ட்ல இல்லாதத படிக்கிறாரு, அதுவும் அபராதத்தோட!"

"போதும்டா" என்றாள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜனவரிப் பயணத்தைப் பற்றி அவன் அப்போது பேச்செடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் கோப்பி குடிக்கும் கூட்டத்தில்தான் சொன்னான். கையில் கேக் துண்டு, கண் வேறெங்கோ.

"அத்தான், இந்த வாட்டி என் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் வர்றான். உங்களுக்கு முதல்ல கண்ண பாக்கணும்ல? சேஃப்டி லா. நீங்கதானே சொல்வீங்க, சேஃப்டி முக்கியம்னு."

நான்தான் சொல்வேன். அவன் செய்தது சரி. தெரியாமல் நான் அந்தப் பண்ணையில் உட்கார்ந்து பன்றி என்று சொல்லியிருந்தால், அது அந்த நாயாக இருந்திருக்கலாம். சரிதான். ஆனால் அதைக் கேக் தின்றுகொண்டு சொல்லியிருக்க வேண்டாம்.

"பைனாகுலர் எடுத்துட்டுப் போறேன், ஓகே? நீங்க செலக்ட் பண்ணது சூப்பர்."

எடுத்துக்கொண்டு போனான். ஜனவரியில் படம் அனுப்பினான். காய்ந்த புல்வெளி, பிக்கப் வண்டி, மீசை வைக்காத ஓர் இளைஞன் கழுத்தில் என் பைனாகுலர். பட்டையைக்கூட நான்தான் நெஞ்சுக்கு ஏற்றபடி சுருக்கிக் கட்டியிருந்தேன். அது அவன் வயிற்றில் தொங்கியது. நடக்கும்போது இடிக்கும், கண்ணாடியின் ஒழுங்கு கெட்டுவிடும். பதில் எழுதத் தொடங்கினேன், எழுதவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

அதற்கு முன்பே பட்டறையில் லீவை ரத்து செய்யச் சொன்னபோது, "என்னண்ணே, புலி வரலன்னு சொல்லிருச்சா?" என்றார்கள்.

பாலிகிளினிக்கில் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றியது. ஆபரேஷனில் கண் போய்விடும் என்று நான் பயந்ததை இங்கே எழுதினால் பக்கம் போதாது. போகவில்லை. கட்டு அவிழ்த்த அன்று எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்பது தெரிந்தது. இத்தனை நாளும் அதை இளமஞ்சள் என்று நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பழக்கத்தில் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கையில் பைனாகுலர் இல்லை, அது பெர்த்தில் இருக்கிறது. புதுப் பலகை வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அப்போது போன் வந்தது.

"அத்தான்! கண் எப்படி இருக்கு? டிசம்பர்ல அந்த ஃப்ரெண்ட் வரலங்கறான். நீங்க வர்றீங்களா? அப்புறம் அந்த ஸ்கோப்ப மாத்தலாம்னு இருக்கேன், கொஞ்சம் வீடியோவுல டெஸ்ட் பண்ணித் தாங்களேன்."

பலகைக்குக் கீழே புல் அசைந்தது. நிஜமாகவே ஒரு பன்றி வெளியே வந்தது. பின்னால் கோடு போட்ட குட்டிகள். நாய் இல்லை, பன்றிதான். அதன் முதுகு மயிர் ஈரத்தில் குச்சி குச்சியாக நிற்பதுகூடத் தெரிந்தது.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். "இன்னும் மங்கல்தான் மச்சான்."