ஹரிராம் வரைந்த கடைசிப் பூச்சி

ஹரிராம் பழிவாங்கியது தப்பு என்று சொல்கிறவர்கள் மதுரையில் இன்னும் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் பூவும் அன்னமும் வரைவது அவர் தொழில். 1936இல் பூச்சி ஆராய்ச்சி அதிகாரி பாலசுந்தரம் அவரைத் தேடி வந்தார். நெற்பயிர்ப் பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் போட வேண்டுமாம்.

"ஒங்க கை, என் படிப்பு. அட்டையில ரெண்டு பேரு பேரும் இருக்கும்," என்றார்.

இரண்டு வருடம் மேலூர் வயல்களில் சேற்றில் நின்று, லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்தார் ஹரிராம். எந்தப் பூச்சி எப்போது முட்டையிடுகிறது என்று குறிப்பும் அவரே எழுதிக் கொடுத்தார். அதிகாரி வரப்பில்கூட இறங்கவில்லை. செருப்பு நனையுமே!

புத்தகம் வந்தது. அட்டையில் ஒரே பெயர். உள்ளேயும் ஹரிராம் இல்லை.

"என் பேரு எங்க சார்?"

"படம் போடுறவன் பேரப் போட்டா, அச்சுக் கோக்குறவனும் வந்து நிப்பான்யா. போய் ரெண்டாம் பாகத்துக்கு வரைஞ்சு கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தார். நாற்பது படம் நிஜம். நாற்பத்தொன்றாவது, மனைவி ரங்கநாயகியின் சேலைக் கரைக்கு அவர் எப்போதோ கற்பனையாக வரைந்த வண்டு. எல்லாப் பூச்சிக்கும் உள்ளதுபோல் பக்கத்துக்கு மூன்று கால் வைத்தால் கட்டம் காலியாகத் தெரிகிறதென்று அதற்கு நான்கு நான்காக வைத்திருந்தார்.

ரங்கநாயகி பயந்தாள். "இத நம்பி வெள்ளாமக்காரன் ஏமாந்தா?"

"பயிரத் திங்காதுன்னுதான் குறிப்பு எழுதியிருக்கேன். அந்தாளு மட்டும் ஏமாந்தாப் போதும்."

1939இல் தல்லாகுளத்தில் இரண்டாம் பாகத்தின் வெளியீட்டுக் கூட்டம். நானும் போயிருந்தேன். முன்வரிசையில் வெளியூர் ஆராய்ச்சியாளர்கள். அதிகாரி அந்த வண்டுப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "இத நானே கண்டுபிடிச்சு, ஆறு மாசம் கண்ணாடிப் பெட்டியில வளத்தேன்!"

ஹரிராம் எழுந்தார். "சார், காலக் கொஞ்சம் எண்ணுங்க."

அதிகாரி விரலை வைத்து எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

மேலூர் விவசாயி சோணைக்குப் பொறுக்கவில்லை. "எட்டுய்யா! சிலந்திக்கு எப்பய்யா றெக்க மொளச்சுச்சு?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஹரிராம் பையிலிருந்து ரங்கநாயகியின் அந்தச் சேலையை எடுத்து மேசைமேல் விரித்தார். "பெட்டியில வளந்தது இதானா பாருங்க. இது ஒண்ண மட்டும் ஒங்க பேர்லயே வச்சுக்கங்க."

புத்தகத்தை முழுக்க எடைக்குப் போட்டார்கள். நிஜமான நாற்பது படங்களும் அதோடு போயின. அதற்குப் பிறகு அவர் பூச்சியே வரையவில்லை.

"அம்புட்டு ஒழைப்பும் போச்சே, வருத்தமில்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. ஆனா அந்தாளு ரெண்டாந்தடவயும் எண்ணிப் பாத்தாரே, பாத்தீகளா?"