சிவப்பாகவே இருந்த தாள்

போன பொங்கலுக்கு, வடக்கனந்தலில் எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது இது. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் என் மகள், தீபாவளிக்குக்கூட வராதவள், அப்போதுதான் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தண்ணீரில் பாலாடை மாதிரி மெல்லிசாகச் சில துண்டுகள்.

"இன்னாடி இது?"

"சவ்வும்மா. பாலிமர்ல நானே செஞ்சது. ஒரு பக்கம் ஆல்கஹால், ஒரு பக்கம் காத்து, நடுவுல இத வச்சா கரண்டு வரும். காணும் பொங்கல் வரைக்கும் லேப் பூட்டிட்டாங்க, அதான் வூட்லயே அலசிக்கலாம்னு கொண்டாந்தேன்."

"சாராயத்துல கரண்டா? நம்மூர்ல வச்சா லைட்டு எரியறதுக்குள்ள குடிச்சிட்டுப் போயிடுவானுங்க!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பயம்தான். அஞ்சாவதோடு நின்றவள் நான். தோலை அரிக்கிற ஏதோ காரத்தில் ஊறிய சவ்வாம் அது; அதை மகள் கையில் எடுக்கிறாள் என்றால் தூக்கம் வருமா? அந்தக் காரம் போகும்வரை சவ்வை அலச வேண்டுமாம். கள்ளக்குறிச்சி பேட்டரி கடையில் அதற்கென்று சுத்தத் தண்ணீர் வாங்கி வந்தோம். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, அதில் ஒரு சிவப்புத் தாளை நனைத்துப் பார்ப்பாள். நீலமானால் காரம் இன்னும் இருக்கிறது. மாறாவிட்டால் அலசல் முடிந்தது. உடனே லேபுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், தாமதித்தால் கெட்டுவிடும்.

அதனால் தாள் நீலமாகும்போதெல்லாம் எனக்குள் சந்தோஷம். "இன்னும் போவல இல்ல? இருந்துட்டுத்தான் போயேன்" என்று இன்னொரு தோசை ஊற்றுவேன்.

காணும் பொங்கலன்று மதியம், தாளை நனைத்துப் பார்க்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு அவள் அசந்து தூங்கினாள். கையுறை மாட்டிக்கொண்டு தாளை நனைத்தேன். சிவப்பு. இன்னொன்றை நனைத்தேன். அதுவும் சிவப்பு.

பக்கத்தில் என் வெற்றிலைத் தட்டு. சுண்ணாம்பு பட்டாலும் தாள் நீலமாகும் என்று காலையில் அவள்தான் விளையாட்டாகக் காட்டியிருந்தாள். ஒரு பொட்டு வைத்தால் போதும், இன்னும் ஒரு நாள் இருப்பாள். விரலில் எடுத்தும் விட்டேன். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், சின்னதில் தூங்குகிற மாதிரியே.

விரலைத் துடைத்துக்கொண்டு எழுப்பினேன். "பாப்பா, எழுந்திரு. நீலம் போயிடுச்சி."

"நெசமாவாம்மா?" என்று துள்ளி எழுந்து கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டேன். "டப்பாவ மடியிலயே வச்சிக்கினு போ, மேல வச்சிடாத" என்று ஜன்னலோரம் சொல்லிக்கொண்டே நடந்தேன். பஸ் போன பிறகும் கல்வராயன் மலை இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

அந்த ஒரு நாள் கிடைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அவளை அனுப்பிவைக்கும் சேதியை என் வாயாலேயே சொன்னேன் என்பதுதான், அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே தைரியம்.