உட்காரக் கூடாத ஸ்டூல்

எங்கள் வீட்டில் நாற்காலிகள் குறைவு, ஸ்டூல்கள் அதிகம். அந்தமானில், மாயாபந்தரில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். நாற்காலி போட்டால் ஆள் நடமாட முடியாது என்பது அம்மாவின் கட்சி. அதனால் வேலைக்கு ஒன்றாக ஸ்டூல் வைத்திருந்தாள். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்துவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

பரணில் ஏறவும் பல்பு மாற்றவும் உயரமான மர ஸ்டூல். அதற்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கும். துணி துவைக்கும்போது உட்கார நீல பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் நடுவில் ஓர் ஓட்டை. தண்ணீர் வடிவதற்கு என்றார் அப்பா. விரலை விட்டுத் தூக்குவதற்கு என்றாள் அம்மா. இரண்டு பேரும் சொன்னதை நம்பாமல் அதன் வழியாகக் குனிந்து பார்த்துத் தலைமுடி சிக்கிக்கொண்ட பெருமை எனக்கு உண்டு. விருந்தாளிகளுக்குப் பிரம்பு மோடா. மேலும் கீழும் அகன்று இடுப்பில் குறுகி, உடுக்கை மாதிரி இருக்கும். கடைசியாக அடுக்களையில் ஒரு மணைப்பலகை. தரையிலிருந்து நாலு விரல் உயரம். அதில் உட்கார்ந்துதான் அம்மா அருவாமணையில் மீன் நறுக்குவாள், தேங்காய் துருவுவாள். வருஷக்கணக்கில் மீன் தண்ணீர் குடித்து அது கறுத்துப்போயிருந்தது.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. எது ஏன் உயரம், எது ஏன் குட்டை என்று சோதித்துப் பார்ப்பதுதான் என் முழுநேர வேலை. துவைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகத் துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டதா என்று பார்க்க மோடாவின் மேல் ஏறி, பிரம்பைக் கிழித்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே இறங்கியிருக்கிறேன்.

"ஏட்டி, எதுல எதுக்கு உக்காரணும்னு ஒரு முறை கெடையாதா?" என்று அம்மா கத்துவாள். அவள் திருநெல்வேலிக்காரி. கடல் தாண்டி வந்து பத்து வருஷம் ஆகியும் கோபம் மட்டும் ஊர்த்தமிழில்தான் வரும். அப்பா என்னை ஸ்டூல் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மோடாவில்தான் உட்கார வேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு விலக்கு. செம்பருத்தி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த வங்காளி மாசி. அவர்கள் மொழியில் மாசி என்றால் நமக்குச் சித்தி, பெரியம்மா மாதிரி. எங்களுடையது சர்க்கார் வீடு. அவளுடையது சொந்த வீடு, பின்னால் பாக்குத்தோப்பு. எங்கள் குவார்ட்டர்ஸில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவள் மட்டும் அங்கேயே இருப்பாள். தினமும் சாயங்காலம் வேலியில் இருந்த சந்து வழியாக நுழைந்து நேரே அடுக்களைக்கு வந்துவிடுவாள். அம்மா உடனே மணையிலிருந்து எழுந்து அதை அவளுக்குத் தள்ளிவிட்டுத் தான் தரையில் உட்காருவாள். மோடாவில் உட்காருகிறவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மணையில் உட்காருகிறவள் மீனை அரிந்து கொடுத்துவிட்டுத்தான் போவாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தீவு ஹிந்தி. அம்மாவின் ஹிந்தியில் பாதி தமிழ், மாசியின் ஹிந்தியில் பாதி வங்காளம். இடையில் எப்படித்தான் அவ்வளவு சிரிப்பு வந்ததோ!

ஒரு நாள் ராத்திரி அப்பா, கூட வேலை பார்ப்பவரின் ஸ்கூட்டரில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். பிரித்தால் புது ஸ்டூல். படாக் மரத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்தது. வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பு. பாலிஷ் வாசனை வீடு முழுக்க அடித்தது.

"எல்லாரும் கட்டிலு, பீரோன்னு செய்யுதாங்க. நீங்க ஒரு ஸ்டூலத் தூக்கிட்டு வந்திருக்கீய" என்றாள் அம்மா.

"கட்டிலுக்குப் பர்மிட் வாங்க யாரு அலையுறது? இதுக்குன்னா சட்டுனு கெடைச்சிரும்" என்றார் அப்பா.

இந்த இடத்தில் அந்தத் தீவுகளின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவர் வீட்டில் திடீரென்று படாக் சாமான் ஒன்று புதிதாக வந்தால், அந்த வீட்டுக்காரருக்கு ஊர்ப்பக்கம் மாற்றல் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மரம் அங்கேதான் விளையும். வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்தால் அழுது ஊரைக் கூட்டுவேன், பரீட்சையும் கெட்டுப்போகும் என்று என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் போகிற மாதிரி லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகிறோம். திரும்பி வருவதற்குள் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அதனால் சாமான் எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும். அப்பா இவ்வளவு கோர்வையாகப் பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா அந்த ஸ்டூலின் மேல் தன் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி மூலையில் வைத்தாள். யாரும் உட்காரக் கூடாது, கீறல் விழும் என்றாள்.

உட்காரக் கூடாது என்றால் பிறகு அது எதற்கு? எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் அம்மா துணி காயப்போடப் போகிற நேரம் பார்த்து என் சோதனையைத் தொடங்கினேன். அருவாமணைக்கு முன்னால் இழுத்து வைத்துப் பார்த்தேன்; கை எட்டவில்லை. பரணுக்குக் கீழே வைத்து ஏறினேன், விரல்கூட எட்டவில்லை. குளியலறைக்குக் கொண்டு போகலாம் என்றால் படியைத் தாண்டித் தூக்க முடியாத கனம். படிக்கிற மேஜைக்கு முன்னால் போட்டால் முகவாய் மேஜைமேல் இடித்தது. எந்த வேலைக்கும் உதவாத ஒரு ஸ்டூலை இவ்வளவு செலவழித்து எதற்குச் செய்தார்கள் என்று நிஜமாகவே புரியவில்லை.

அன்று சாயங்காலம் மாசி வந்தாள். கையில் ஒரு கிண்ணம், உள்ளே சுறாப்புட்டு மாதிரி அவள் செய்கிற ஏதோ ஒன்று. அடுக்களை வாசலில் நின்றவள் மூலையைப் பார்த்தாள். சேலைக்குக் கீழே சிவப்பாக ஒரு கால் மட்டும் தெரிந்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அம்மா மணையைத் தள்ளிவிட்டு, "தீதி, பைட்டோ நா" என்றாள். அக்கா, உட்காருங்க. மாசி உட்காரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, வந்த சந்து வழியாகவே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அம்மா சாயங்காலம் ஆனால் இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவாள். ஒன்று ஆறிப்போய் ஏடு கட்டும். வேலிப்பக்கம் போய்க் கொடியில் துணியை எடுப்பதுபோல் நிற்பாள். அந்தப்பக்கம் மாசி பாக்கு உலர்த்துவது தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். இதை அம்மா அப்பாவிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. "போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேச மாட்டாளோ?" என்றாள். லீவுக்குப் போவதற்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

ஆனால் காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அல்லவா! புது ஸ்டூல் வந்த பிறகும் மாசிக்கு அதைப் போடாமல் பழைய மணையைத் தள்ளியிருக்கிறாள் அம்மா. யாருக்குத்தான் ரோஷம் வராது? அந்த ஸ்டூல் எதற்கு என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிட்டது. அது மாசி உட்காருவதற்கான ஸ்டூல். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பரீட்சை முடிந்த அன்று, அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, வேலிச் சந்துக்குள் நுழைந்து மாசியின் சேலைத் தலைப்பைப் பிடித்தேன். அம்மா கூப்பிடுகிறாள், அவசரம் என்று ஹிந்தியில் சொன்னேன். அவள் பதறிப்போய் ஈரக்கையோடு ஓடிவந்தாள். எங்கள் அடுக்களையில் நான் முன்கூட்டியே படாக் ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டு வைத்திருந்தேன். தரை முழுக்க இழுத்த கோடு. சேலையை விலக்கிவிட்டு, "மாசி, இஸ்மே பைட்டோ" என்றேன். இதில் உட்காரு.

அம்மா கையில் கயிற்றோடு வந்து நின்றாள். மாசி ஸ்டூலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து அந்த ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பாத்திர மூட்டைக்கு அடியில் கிடந்த மணைப்பலகையை உருவி எடுத்து, முந்தானையால் துடைத்து, மாசியின் முன்னால் போட்டாள்.

மாசி அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

"உங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம், அதற்கு முன்னால் மலையாளிகள். எல்லோருக்கும் ஒரு நாள் படாக் வரும். வந்ததும் நான் வருவதை நிறுத்திவிடுவேன், ஆள் இல்லாமல் இருந்து பழக வேண்டாமா?" என்கிற மாதிரி மாசி ஹிந்தியில் சொன்னாள். வார்த்தைகள் எனக்கு விளங்கின, விஷயம் விளங்கவில்லை. புது ஸ்டூல் இருக்க, மறுபடியும் பழையதையே போட்டு அவளை அழவைத்துவிட்டாளே என்று அம்மாமேல்தான் எனக்குக் கோபம்.

அதற்குப் பிறகு புறப்படும் நாள்வரை மாசி தவறாமல் வந்தாள். மீன் இல்லாத நாளிலும் வந்து மணையில் உட்கார்ந்திருந்தாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா படாக் ஸ்டூலைச் சேலையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். நானும் பின்னால் ஓடினேன். மாசியின் கூடத்தில் அதை இறக்கி வைத்தாள். மாசி வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அம்மா அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்கத்தான் அங்கே வைக்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். நல்ல யோசனைதான். ஆனால் மாசி வீட்டில் மோடா கிடையாது. யாராவது வந்து உட்கார்ந்து கீறல் விழுந்தால்? வாசலில் நின்று மாசிக்கு ஓர் உத்தரவு போட்டேன்: "நாங்க வர்ற வரைக்கும் இதுல யாரையும் உக்கார விடக் கூடாது." இதை ஹிந்தியில், விரலை ஆட்டிச் சொன்னேன். மாசி என் கன்னத்தைத் தடவி, "டீக் ஹை" என்றாள். சரி என்று அர்த்தம்.

போர்ட் பிளேயர் துறைமுகத்தில் சாமான்களைச் சோதித்தார்கள். அப்பா அனுமதிச் சீட்டைப் பெருமையாக நீட்டினார். காவலர் அம்மா கட்டியிருந்த சாக்கைப் பிரித்துக் கையை விட்டு வெளியே எடுத்தார். கறுத்துப்போன மணைப்பலகை. மீன் வாடை குப்பென்று அடித்தது.

"படாக் கஹாங் ஹை, பாய் சாப்?" என்று அவர் சிரித்தார். படாக் எங்கே என்று எங்கள் அப்பாவுக்கே தெரிய வேண்டியிருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றாள் அம்மா, கடலைப் பார்த்துக்கொண்டு. கப்பலில் ஏறியதும் அப்பா அந்தச் சாக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். பிறகு, "குழம்பு வாசனையோடதான் ஊருக்குப் போறோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் தாத்தா வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எதிர்பார்த்தபடியே ஊரைக் கூட்டினேன்.

இப்போது அம்மாவின் அடுக்களையில் எல்லாம் நின்றுகொண்டே செய்கிற மேடை. மூட்டு வலியால் அவளால் தரையில் உட்கார முடியாது. மணைப்பலகை மட்டும் ஜன்னலோரம் இருக்கிறது. எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நான் கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் மாசியின் பேரன் வீடியோ அழைப்பில் அவளைக் காட்டினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மாவும் அவளும் அதே பாதித் தமிழ், பாதி வங்காள ஹிந்தியில் பேசிச் சிரித்தார்கள். மாசிக்குப் பின்னால், கூடத்தின் மூலையில், அம்மாவின் பழைய சேலை போர்த்தியபடி அது இருந்தது. சாயம் போன சேலை. பேரன் போனைச் சரியாக வைப்பதற்காக அதன்மேல் உட்காரப் போனான். மாசி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மாசி, இன்னுமா அதில் யாரும் உட்காரவில்லை?" என்று கேட்டேன்.

"தூ ஹி தோ போலி தீ" என்றாள். நீதானே சொன்னாய்.

நான் லீவு முடிந்து வருவேன் என்று நினைத்துச் சொன்னது அது. வர மாட்டேன் என்று தெரிந்துதான் அவள் சரி என்றாள்.